மத்யாகூப் மகள் மேல ஒரு மொட்டைக் கடுதாசி

மாடு பாக்க வந்தேன்னு சொல்றீங்க. சரி, நம்பறேன். ஆனா தம்பி, மாடு பாக்க வந்தவரு மடி எப்படி, எத்தனை ஈத்துன்னுல்ல கேக்கணும். நீங்க இந்த டீக்கடையில வந்து உக்காந்து முதல் கிண்ணம் டீ ஆறுறதுக்குள்ள, மத்யாகூப் மகளுக்கு மட்டும் ஏன் மத்த பொண்ணுங்க மாதிரி அழகுக்கு ஒரு தங்கப் பல்லுகூட இல்லைன்னு கேட்டுட்டீங்க.

இல்லைதான். சினிமாக்காரங்க கட்டிக்கக் கூடாதுன்னுட்டாங்க. விளக்கு வெளிச்சம் பட்டா தங்கம் கண்ணைக் கூசுதாம், காமிராவுல. இப்ப பதில் கிடைச்சிருச்சா? மாட்டுக்கு வருவோமா?

அட, உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க. இந்தத் தெருவுக்குப் பொண்ணு விசாரிக்க வர்ற யாரும் அதுக்குத்தான் வந்தேன்னு சொன்னதே இல்லை. ரெண்டு வருசம் முன்னாடி ஒருத்தரு, கிணத்துக்குப் பம்பு விக்க வந்தேன்னாரு. பம்பு எங்கேன்னா, பின்னாடி லாரியில வருதுன்னாரு. கல்யாணமாகி, பிள்ளை பொறந்து, அது நடக்கவும் ஆரம்பிச்சிருச்சு. லாரி இன்னும் வரலை. உங்களுக்கு அந்த அளவுக்குக்கூட பொய் வரலை. பையில குர்லேன் அரிசி ஆலை முத்திரை இவ்வளவு பெரிசா இருக்கு. மத்யாகூப் மகளை குர்லேன்ல கூட்டுப்பண்ணை சேர்மன் வீட்டுக்குப் பேசி முடிச்சது கீவா நகரத்துக் கழுதைக்கெல்லாம் தெரியும்.

மாப்பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க? தாய்மாமனா. அப்ப பெரிய ஆளுதான். அன்னிக்கு நிச்சயம் பண்ணி ரொட்டி பிட்டப்ப உங்களைப் பாத்த மாதிரி இல்லையே. பன்னெண்டு பேரு வந்தாங்க, ஒவ்வொரு மூஞ்சியா... அதாவது தெருவே நின்னு பாத்துச்சு, நானும் பாத்தேன். ஓ, பாலைவனத்துல கேஸ் குழாய் பதிக்கற வேலையா. நாலு மாசமாவா. அப்ப மத்யாகூப்பை நீங்க கண்ணாலயே பாத்ததில்லை.

ஒண்ணுமில்லை. பாக்கறதுக்கு அப்படி ஒண்ணும் பிரமாதமா இல்லைன்னு சொல்ல வந்தேன். தாயிரா மேளம் அடிக்கறவன். கல்யாணம் கல்யாணமா போய் அடிச்சு அடிச்சு ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கினவன். பொண்டாட்டி போய்ச் சேந்து பதினோரு வருசம் ஆச்சு. வாய் மட்டும் நீளம். அவன் சொல்றதுல பாதியைத் தள்ளிட்டு மீதியைப் பாதியாக்கி எடுத்துக்கணும்.

ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. ரொட்டி பிட்டு ஒரு மாசம் ஆச்சு. பிட்டதுக்கு அப்புறம் எதுக்கு விசாரணை? பொண்ணு வீட்டுக்காரன்னா, வாயே திறக்க முடியாது. ஊரு முன்னாடி ரொட்டியைப் பிட்டுட்டு வேண்டாம்னு எந்திரிச்சான்னா அப்புறம் அவன் வீட்டுப் பச்சைத் தண்ணியை ஒருத்தன் தொடமாட்டான், செத்தா தூக்கவும் ஆள் வராது. உங்க பக்கம் வேணா எந்திரிக்கலாம். எந்திரிக்கத்தான் காரணம் தேடறீங்களா?

கடுதாசியா. யாரு போட்டது? பேரில்லாமலா? அடப்பாவிகளா. மொட்டைக் கடுதாசியா போட்டிருக்கானுங்க. குடுங்க. இல்லை, வேண்டாம், கண்ணாடியை வீட்டுல வச்சிட்டேன், நீங்களே படிங்க. கொஞ்சம் மெதுவா. அந்த மூலையில கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, முடிவெட்டற ஷரீபு, அவன் தூங்கலை. பத்து வருசமா இங்க உக்காந்து தூங்கற மாதிரி கேட்டுட்டிருக்கான். எழுதினதே அவனாக்கூட இருக்கும். இல்லைன்னா எதிர்வீட்டு ரஜப் பீபி. அவ வீட்டுக்குப் போனீங்களா? டீ குடுத்தாளா? கிண்ணம் நிறையவா ஊத்துனா? அப்ப குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணுன்னுதான். மரியாதைப்பட்ட ஆளுக்கு நாம கால் கிண்ணம்தானே ஊத்துவோம். எதையோ மறைக்கறா. எனக்கு அவ மேலயும் ஒரு கண்ணு.

சரி, படிங்க.

வயசு இருபத்தொண்ணு இல்லை, இருபத்தாறா. அநியாயம் தம்பி. சொல்றவன் நாக்கு புழுத்துப் போகும். நான் சொல்றேன் கேளுங்க, கணக்கா. அவ முதல்முதல்ல சபையில ஆடினது ஏழு வயசுல. நம்ம லஸ்கி ஆட்டம் உங்களுக்குத் தெரியாததா. முதல்ல உடம்பு அசையக் கூடாது, விரல் மட்டும்தான் துடிக்கணும். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை, தோளு, கடைசியிலதான் மொத்த ஆளும் பத்திக்கும். இந்தக் குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா, விரல்லயே நின்னுருச்சு. மத்யாகூப் மேளத்துல கூப்பிடறான், மணிக்கட்டுக்கு வாடின்னு. வரமாட்டேங்குது. கால் மணி நேரம் பத்து விரலு மட்டும் துடிச்சுக்கிட்டே இருக்கு. சபையில ஒருத்தனும் மூச்சு விடலை. வாசல்ல கட்டியிருந்த ஒட்டகம் முன்னங்காலை மடிச்சு உக்காந்துருச்சு. உக்காந்தது உக்காந்ததுதான், ஆறு நாள் எந்திரிக்கலை, அங்கயே கொண்டுபோய் தீனி போட்டாங்க. சிரிக்காதீங்க. அந்த ஒட்டகக்காரன் இன்னும் உசுரோட இருக்கான்.

அது எந்த வருசம்? பெரிய வாய்க்கால் திறந்தாங்களே, அந்த வருசம். அது ஆச்சு ஒரு இருபது வருசம். ஏழும் இருபதும்... இருபத்தேழு. அடடே. கடுதாசி எழுதினவன் ஒரு வயசு குறைச்சுல்ல எழுதியிருக்கான். நல்ல மனுசன்தான் போல. உங்க மாப்பிள்ளைக்கு எத்தனை? இருபத்திரண்டா. ஹும். நான் ஒண்ணும் சொல்லலை.

அடுத்தது என்ன? சிகரெட்டா. பொய். சுத்தப் பொய். அது பழக்கமே இல்லை தம்பி, தொழிலு. ரெண்டாவது படத்துல சண்டைக் காலத்து டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணா வர்றா, அவ புகை பிடிக்கணும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. இருமக் கூடாதுல்ல. அதுக்காகக் கொஞ்ச நாள் பழகினா. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டு, அவ்வளவுதான். இப்ப விட்டாச்சுன்னுதான் சொல்றாங்க. யாரா? பொதுவா சொல்றாங்க.

மூணாவது? முத்தமா. சரி, அதைச் சொல்லிடறேன், ஏன்னா நீங்களே படத்தைப் பாத்திருப்பீங்க. பாக்கலையா? பாலைவனத்துல எங்க பாக்கறது. ரயில் ஜன்னல்ல, தம்பி. புருசன் சண்டைக்குப் போறான், உள்ள அவன், வெளிய இவ, நடுவுல கண்ணாடி. கண்ணாடி மேலதான் வச்சாங்க ரெண்டு பேரும். நல்லா கனமான கண்ணாடி. அழுக்குக்கூட இருந்துச்சு. என்ன, ஒன்பது தடவை எடுத்தாங்க.

இதுக்கு மேல கடுதாசியில ஒண்ணுமில்லையா? இவ்வளவுதானா எழுதினான்? கையாலாகாதவன். எழுதறதுன்னு உக்காந்தா ஒழுங்கா எழுதவேண்டாமா. நானா இருந்தா இன்னும் நாலு சேத்திருப்பேன். அவளுக்குச் சோறு பொங்கத் தெரியாது. அவ சுட்ட ரொட்டி தந்தூர் அடுப்புச் சுவத்துல ஒட்டாம சாம்பல்ல விழுகும். கோவம் வந்தா டீப்பானை பறக்கும். இதையெல்லாம் போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க, மாமியாருக்குத் தெரியவேண்டியது இதுதானே. அங்க அந்தப் பெரிய வீட்டுல இருபது பேருக்குப் பொங்கணுமே.

சினிமாவுக்கு எப்படிப் போனாளா? ஏன், அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு. அதான் நல்ல குடும்பத்துப் பொண்ணு செய்யற வேலை இல்லைன்னு உங்க சேர்மனே சொல்லிட்டாரே. கல்யாணத்துக்கு அப்புறம் காமிரா முன்னாடி நிக்கவே கூடாது, ஆடறதுன்னா வீட்டுக்குள்ள பொம்பளைங்க முன்னாடி ஆடிக்கலாம்னு கண்டிப்பா சொல்லித்தானே ரொட்டி பிட்டாரு.

சரி, கேக்கறீங்க, சொல்றேன். தாஷ்கண்ட்லேர்ந்து படம் எடுக்க இங்க வந்தாங்க. கான் அரண்மனையில பன்னெண்டு அடிமைப் பொண்ணுங்க வரிசையா ஆடணும். நம்ம ஆட்டக்குழுவைக் கூப்பிட்டாங்க. இவ பன்னெண்டாவது. தூணுக்குப் பின்னாடி, பாதி மூஞ்சிதான் தெரியும். டைரக்டர் ஷுஹ்ரத்துன்னு ஒரு ஒல்லிப் பய, போதும்னு கை தட்டினாரு. பதினோரு பேரு நிறுத்திட்டாங்க. இவ நிறுத்தலை. நிறுத்த முடியாது தம்பி, மேளம் நிக்கலையே. மத்யாகூப் அடிச்சுக்கிட்டே இருக்கான். ஆட்டத்தைப் பாதியில அறுக்கக் கூடாது, கைகால் விளங்காமப் போயிரும்னு அவன் அப்பன் சொல்லிக் குடுத்தது. டைரக்டர் கத்தறாரு, இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடிக்கறான், அவ ஆடறா. காமிராக்காரன் ஒரு ரஷ்யன், அவனுக்கு ஒண்ணும் புரியலை, அவனும் நிறுத்தலை. ஃபிலிம் தீர்ந்து போற வரைக்கும் ஓடுச்சு. அந்தத் துண்டுதான் அவளுக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு.

ஆனா அது ஆட்டம். நடிப்புங்கறது வேற. அந்த டெலிபோன் படத்துல அவ ஆடவே கூடாது. உக்காந்த இடத்துல உக்காந்திருக்கணும். காதுல கருவி மாட்டியிருக்கு, புருசன் செத்துப்போனான்னு சேதி வருது, அதைக் கேட்டுட்டு அடுத்த ஆளுக்கு லைன் குடுக்கணும். அழுகக் கூடாது. பதினாலு தடவை எடுத்தாங்க. மரக்கட்டை மாதிரி இருக்கா. ஆடத் தெரிஞ்ச பொண்ணை உக்கார வச்சா எங்க வரும்? ஷுஹ்ரத்து தலையில கை வச்சிட்டாரு. நாளைக்கு வேற பொண்ணைப் பாக்கறதா பேச்சு. அப்ப இவ கேட்டிருக்கா, எங்கப்பாவைக் கூப்பிடுங்கன்னு.

தந்தி வந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவை ஏரோப்ளேன். பைலட்டு பக்கத்துல உக்கார வச்சு, கொஞ்சம் ஓட்டிப் பாக்கறீங்களாய்யான்னு கேட்டாரு, ஆரல் கடல் மேல நான்... மத்யாகூப் கொஞ்ச தூரம் ஓட்டினதாச் சொல்லுவான். நம்பாதீங்க. ஸ்டுடியோவுல அவனை மேசைக்கு அடியில உக்கார வச்சாங்க. அந்தப் படத்துல குரலெல்லாம் அப்புறமாத்தான் சேக்கறது, அதனால சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. மேளம் வேண்டாம்னு சொல்லிட்டான். அவ உக்காந்திருந்த பலகைக்கு அடியில ரெண்டு விரலால தட்டினான். லஸ்கியோட முதல் அடி, உடம்பு அசையாத அடி. டிக்... டிக் டிக்... இப்படி.

அவ்வளவுதான் தம்பி. சேதி காதுல விழுகுது. மூஞ்சி அப்படியே இருக்கு, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. ஆனா கையில இருக்கற கம்பியைத் துளையில சொருகணுமே, அந்த விரலு. பத்து விரலும் துடிக்குது, துடிச்சுக்கிட்டே சரியான துளையைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சொருகுது. அடுத்த ஆளுக்கு லைன் குடுத்துட்டா. ஒரே தடவையில முடிஞ்சிருச்சு. விளக்கு பிடிக்கறவன் விளக்கைக் கீழ வச்சிட்டான். ஷுஹ்ரத்து குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தாரு, அங்க ஒரு கிழவன் வாயில தொப்பியை வச்சு அடைச்சுக்கிட்டு அழுதிட்டிருக்கான்.

மேசைக்கு அடியில என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியுமா? அவன்தான் சொன்னான். அதான் சொன்னேனே, வாய் நீளம்.

நீங்க என்னை ஒரு மாதிரிப் பாக்கறீங்க. பாருங்க, பாருங்க. நானும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் கடுதாசியை எதுக்கு மடிச்சு உள்ள வச்சிட்டீங்க?

அப்படிப்பட்ட பொண்ணை எதுக்கு அவன் குடுக்கச் சம்மதிச்சானா. நல்ல கேள்வி. யாரும் கேக்காத கேள்வி. படம் இங்க கீவாவுக்கு வந்துச்சு. தெருவையே கூட்டிட்டுப் போனான், அந்த ஷரீபு உட்பட. விளக்கு அணைஞ்சுது, அவ வந்தா, வாயைத் திறந்தா, வேற எவளோ பேசறா. தாஷ்கண்ட்காரி ஒருத்தி, தேன் தடவின மாதிரி. நம்ம குவாரெஸ்ம் பக்கத்துப் பேச்சுன்னா அங்க அவங்களுக்குச் சிரிப்புல்ல, அதனால குரலை மாத்திட்டாங்க. இவகிட்டகூடச் சொல்லலை. பெத்த அப்பன் உக்காந்திருக்கான், மகளோட வாயி அசையுது, அதுக்குள்ளேர்ந்து யாரோ ஒருத்தி பேசறா. அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருச்சு. இன்னிக்குக் குரலை எடுத்துக்கிட்டாங்க, நாளைக்கு எதை எடுப்பாங்கன்னு ஒரு பயம். பாதியில எந்திரிச்சு வந்துட்டான். மறுநாள் காலையில உங்க சேர்மன் பன்னெண்டு பேரோட வாசல்ல நிக்கறாரு. யோசிக்கவே இல்லை. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ரொட்டியை எடுத்தான், பிட்டான்.

பதினேழாம் நாளு ஷுஹ்ரத்துகிட்டேர்ந்து கடுதாசி. இது பேரு போட்ட கடுதாசி. குரலை மாத்தினது தப்புன்னு எழுதியிருந்தாரு. நம்ம ஆத்துல படகு விடற ஒருத்தன் மகளைப் பத்திப் புதுசா ஒரு படமாம். அவதான் முதல் ஆளு. நம்ம பேச்சுலயே பேசணும், அவ குரல்லயே, வேற ஒருத்தி குரலும் அதுல வராது. ஜூன் மாசம் ஆரம்பம். கல்யாணம் மே மாசம்.

அவகிட்ட காட்டினதுக்கு, படிச்சா, நாலா மடிச்சா, நீங்க வாக்குக் குடுத்துட்டீங்கப்பான்னா. குத்திக் காட்டலை. சும்மா, மாவு தீர்ந்து போச்சுப்பாங்கற மாதிரி சொன்னா. அன்னையிலேர்ந்து தந்தூர்கிட்ட நின்னு ரொட்டி சுடப் பழகறா. கையெல்லாம் சூடு. தூங்கறப்பகூட அந்த விரலு ஏதாவது தாளம் போட்டுக்கிட்டேதான் இருக்கும் அவளுக்கு, சின்னதுலேர்ந்து. இப்ப ஒரு மாசமா ஒண்ணையும் காணோம்.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

மாப்பிள்ளை அந்தப் படத்தை ஆறு தடவை பாத்திருக்கானா. இப்ப நான் சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறம் உங்களுக்கும் மனசு நிறைஞ்சு போச்சா. வயசு கூடுதலா இருந்தாலும் பரவாயில்லை, சிகரெட்டை மன்னிக்கறோம், கண்ணாடியையும் மன்னிக்கறோம், சினிமாவை மட்டும் விட்டுட்டா போதும், இப்படி ஒரு மருமகள் குர்லேன்லயே கிடையாதுன்னு அக்காகிட்ட சொல்லப் போறீங்க.

என் வாயில மண்ணு விழுக. என்னத்தைப் பேச உக்காந்து என்னத்தைப் பேசிட்டேன் பாருங்க.

எங்க எந்திரிக்கறீங்க? மத்யாகூப்பைப் பாத்து நல்ல வார்த்தையாச் சொல்லிட்டுப் போகணுமா. வேண்டாம், உக்காருங்க. அந்த வீட்டுல இப்ப பொண்ணு மட்டும்தான் இருக்கா. அவன் இங்கதான் காலையிலேர்ந்து உக்காந்திருக்கான், குர்லேன் பஸ்ஸுலேர்ந்து யாரு இறங்கறாங்கன்னு பாத்துக்கிட்டு. மூணு நாளா இதே பொழப்பு. கடுதாசி போய்ச் சேந்தா யாராவது விசாரிக்க வரத்தானே செய்வாங்க. வர்றவன் இந்த டீக்கடையைத் தாண்டி வேற எங்க போயிருவான்.

ஆமா. நான்தான். அதையும் நான்தான் எழுதினேன், இடது கையால. ஒன்பது தாளு கிழிச்சேன். ஊருல இப்படிப்பட்ட கடுதாசியில என்னென்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதா. அந்த மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதிட்டா நீங்க அன்னிக்கே எந்திரிச்சிருப்பீங்க. உக்காந்தேன், எழுத வரலை. அந்த அழுக்குக் கண்ணாடி வரைக்கும்தான் போக முடிஞ்சுது.

இல்லை, அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டா. அப்புறம் வேற இடமும் வராது அவளுக்கு, அதுவும் தெரியும். இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கங்க தம்பி, இப்பவும் நான் உங்ககிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. ரொட்டியைப் பிட்டவன், எனக்கு அந்த வார்த்தை கிடையாது. உங்ககிட்டதான் இருக்கு.

குர்லேன் பஸ் நாலு மணிக்கு. போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க, கடுதாசியில இருக்கறது அத்தனையும் நெசம், இன்னும் சொல்லாததும் இருக்குன்னு. யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. பெத்த அப்பன் வாயாலயே கேட்டேன்னு சொல்லுங்க.